உறையாத தண்ணீர்

எங்கள் வீட்டில் குழாய் வெடித்தது ஒரு வியாழக்கிழமை காலை. பெரிய சத்தம் இல்லை. பேஸ்மென்டில் யாரோ அகப்பையால் சுவரை ஒரு தரம் தட்டியது போல இருந்தது. பிறகு மழை பெய்கிற சத்தம் கேட்டது. வெளியே மழைக்கு வழியே இல்லை. ரொறன்ரோ முழுவதும் ஒரு கிழமையாக விறைத்துப்போய்க் கிடந்தது. மழை எங்கள் வீட்டுக்குள், எங்கள் காலுக்குக் கீழே பெய்துகொண்டிருந்தது.

அந்தக் குழாய் ஏன் வெடித்தது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொல்வதானால் பேஸ்மென்டில் குடியிருந்தவர்களைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக்கட்டடத்தில் சில வருடங்கள் இருந்துவிட்டு, ஸ்காபரோவின் கிழக்குப் பக்கத்தில் பழைய வீடொன்றை வாங்கியிருந்தோம். மேலே இரண்டு அறைகள், கீழே பேஸ்மென்ட், ட்ரைவ்வேயின் முடிவில் வீட்டோடு ஒட்டாமல் தனியாக ஒரு கராஜ். எங்கள் ஆட்கள் வீடு வாங்கினால் பேஸ்மென்டுக்கு ஆள் தேடுவதுதான் அடுத்த வேலை. எங்களுக்கு வந்தவர்கள் ஒரு வயதான தம்பதி. அவர் யாழ்ப்பாணத்தில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவரை அங்கிள் என்றும் அவருடைய மனைவியை அன்ரி என்றும் கூப்பிட்டோம். ஒரே மகன் ஒஷாவாவில் இருந்தான். கார் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை. அவன்தான் ஸ்பொன்சர் செய்து இருவரையும் கூப்பிட்டவன். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு தன்னுடைய சின்ன அப்பார்ட்மென்டில் அவர்களையும் வைத்துப் பார்த்தான். சில மாதங்களுக்கு மேல் சரிவரவில்லை. யாருடைய பிழை என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அன்ரிக்குக் குளிர் ஒத்துவராது. சேலைக்குக் கீழே மகனின் பழைய களிசான், காலில் தடித்த கம்பளிச் சொக்ஸ், தோளில் ஒரு மண்ணிறச் சால்வை, வீட்டுக்குள்ளேயே காதை மூடும் தொப்பி. பேஸ்மென்டில் ஃபர்னஸ் சூடு வரும் துவாரம் கூரையில் இருந்தது. அதற்கு நேர் கீழே கதிரையைப் போட்டு, காற்று வரும்போது முகத்தை மேலே நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். காற்று நின்றதும் கண்ணைத் திறந்து, "முடிஞ்சுதோ?" என்று கேட்பார்.

"உந்தக் குளிருக்கு முருகனே சொக்ஸ் போட்டுக்கொண்டுதான் நிக்கோணும், பிள்ளை," என்று என் மனைவியிடம் ஒருமுறை சொன்னார். "மயில் பாவம். அது எப்பவோ செத்திருக்கும்."

"உவவுக்கு ஜூலையிலையும் குளிரும்," என்றார் அங்கிள்.

"உங்களுக்கென்ன, உங்களுக்குத் தோல் தடிப்பு."

பின்னேரங்களில் அவர் தமிழ் வாரப் பத்திரிகையை மனைவிக்குச் சத்தமாக வாசிப்பார். முதலில் மரண அறிவித்தல்கள், பிறகு ஊர்ச் செய்திகள், கடைசியாகக் கடை விளம்பரங்கள்கூட. போஸ்ட்மாஸ்டர் தந்தி வாசிக்கிற குரல். மேலே எங்கள் குசினியில் நின்றால் தரைக்குக் கீழே இருந்து அந்தக் குரல் வரும். இடையிடையே அன்ரி, "ஆர், ஆர்? திருப்பி வாசியுங்கோ," என்பார்.

தைப்பொங்கலுக்குச் சில நாள் முன்பு அன்ரி இறந்தார். காய்ச்சல் நெஞ்சுச் சளியாகி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள். சவச்சாலையில் உறவுப் பெண்கள் கல்யாணக் கூறைச்சேலை உடுத்திவிட்டு விலகி நின்றபோது அங்கிள் கோட்டுப் பைக்குள் இருந்து ஒரு சோடி கம்பளிச் சொக்ஸை எடுத்தார்.

"கூறைக்குச் சொக்ஸோ, அண்ணை? ஆக்கள் என்ன சொல்லுவினம்?" என்றாள் ஒருத்தி.

அவர் குனிந்து, தானே இரண்டு காலிலும் போட்டுவிட்டார். குதிக்கால் சரியான இடத்தில் வரும்வரை இழுத்துவிட்டார்.

சாம்பலை நானும் மகனும் போய் எடுத்துவந்தோம். ஒரு சப்பாத்துப் பெட்டியளவு இருக்கும், கபில நிறப் பிளாஸ்டிக் பெட்டி. நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. ஊரிலென்றால் சாம்பல் வீட்டுக்குள் வராது. வெளியே ஓரிடத்தில் இருந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையோடு கீரிமலைக் கடலில் கரைந்துவிடும். இங்கே மகனின் அப்பார்ட்மென்டுக்கு வெளியே என்று ஓர் இடம் இல்லை. கதவைத் திறந்தால் கம்பளம் விரித்த நடைபாதை. எங்கள் வீட்டிலோ என் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி.

"பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடு. உள்ளுக்கு வேண்டாம்," என்று சொன்னவர் அங்கிள்தான். என் மனைவியும் அதே வழக்கத்தில் வளர்ந்தவள். அவர் தானாகச் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இருந்தது என்பதை அவள் முகத்தில் கண்டேன். பெட்டி கராஜுக்குப் போனது. பெயின்ற் தகரங்களைத் தள்ளிவிட்டு, சுவர்த் தட்டைத் துடைத்து, அவரே வைத்தார்.

அன்றைக்குத் தொடங்கி அவருக்கு இருந்தது ஒரே எண்ணம். முப்பத்தோராம் நாள் அவளை ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு நாள்கூட அவள் அந்தக் கராஜில் கிடக்கக் கூடாது.

தை மாத நடுவில் குளிர் இறங்கியது. முதல் நாள் வழக்கமான குளிர்தான் என்று நினைத்தோம். மறுநாள் காலை மூக்குக்குள் மயிர் குத்தியது. அதற்கடுத்த நாள் காரின் கதவு திறக்கவில்லை. திறந்த பிறகு பூட்டவில்லை. பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் கதவு இடுக்கால் தலையை மட்டும் நீட்டி, கையை விரித்துக் காட்டிவிட்டு உள்ளே போனார். யன்னல்களின் உட்பக்கத்தில் பனி படிந்தது. இருட்டிய பிறகு வீட்டின் மரச்சட்டங்கள் சுருங்கி, எங்கேயோ ஆணி பறப்பது போல 'டக்' என்று ஒலிக்கும். ஊரில் வெடிச்சத்தம் கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். முதல் தரம் கேட்டபோது மனைவியும் நானும் ஒரே நேரத்தில் தலையைத் தாழ்த்தினோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

உடுப்புத் தோய்க்கும் அறை பேஸ்மென்டின் வடக்கு மூலையில் இருந்தது. தண்ணீர்க் குழாய் அங்கேதான் வெளிச்சுவரோடு ஒட்டிப் போனது. பழைய வீடு, சுவருக்குள் குளிர் காக்கும் பஞ்சு இருந்ததோ என்னவோ. குழாயைத் தொட்டுப் பார்த்தேன், விரல் ஒட்டியது. சின்ன மின்சார ஹீற்றர் ஒன்று எங்களிடம் இருந்தது. கம்பி செம்மஞ்சளாகச் சிவக்கிற வகை. அதை அந்த மூலையில், குழாயைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.

"அங்கிள், உதை நிப்பாட்டாதேங்கோ. பகல், ராத்திரி எந்த நேரமும் எரியட்டும். குழாயையும் நூல் மாதிரிக் கொஞ்சம் திறந்துவிடுங்கோ."

"தண்ணியைச் சும்மா ஓட விடுறதோ?" கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குளித்த மனிதர், முகம் சுருங்கியது.

"ஓம். ஓடிக்கொண்டிருந்தால் உறையாது."

அவர் குழாயைத் திறந்து, தண்ணீரை நூலளவுக்குக் குறைத்தார். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓடினால் உறையாதோ, தம்பி?"

"உறையாது."

"அப்ப ஏரியிலையும் எங்கையெண்டாலும் ஓடுற இடம் இருக்கும். நீங்கள் பத்திரிகைக்காரர், உங்களுக்குத் தெரியாமல் இருக்குமோ?"

ஊரில் நான் ஒரு பத்திரிகையில் சில வருடம் செய்தி திருத்தியவன். இங்கே ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினேன். அவருக்கு நான் கடைசிவரை பத்திரிகைக்காரன்தான். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இல்லை. அவரை ஏற்றிக்கொண்டு முதலில் வெள்ளைப் பாறைச் சரிவுகள் உள்ள ஏரிக்கரைக்குப் போனேன். கரையில் அலை அடித்து அடித்து அப்படியே உறைந்து ஆளுயரத்துக்கு மேடாகி நின்றது. அதற்கு அப்பால் எங்கோ தூரத்தில் தண்ணீர் ஒரு கோடாகத் தெரிந்தது. அங்கே நடந்து போக முடியாது. பிறகு ஆறு ஏரியில் விழுகிற இடத்துக்குப் போனோம். ஆறு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தெரு. அதன் மேல் யாரோ நாயோடு நடந்துபோன தடம்.

"உதுக்குக் கீழை ஓடுமோ?" என்று கேட்டார்.

"ஓடும், அங்கிள். கட்டாயம் ஓடும். வேணுமெண்டால் ஐஸிலை ஒரு ஓட்டை போடலாம். மீன் பிடிக்கிறவை போடுறவை."

அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஐஸுக்குக் கீழை அவளை விடச் சொல்லுறீரோ?"

நான் காரைத் திருப்பினேன். வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும், "ஓடுறது கண்ணுக்குத் தெரியோணும், தம்பி. அவ்வளவுதான்," என்றார்.

அந்தியேட்டி ஞாயிற்றுக்கிழமை. புதன் இரவுதான் அந்தக் குளிரில் மிக மோசமானது. வியாழன் காலை குழாய் வெடித்தது.

நான் கீழே ஓடியபோது தண்ணீர் சுவரில் இருந்து விசிறியாக அடித்துக்கொண்டிருந்தது. பிரதான வால்வை மூடுவதற்குள் கம்பளம் மிதந்துவிட்டது. அங்கிள் கணுக்கால் தண்ணீரில் நின்றபடி அன்ரியின் சேலைகள் இருந்த சூட்கேஸைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டிருந்தார். கட்டிலும் நனைந்திருந்தது. அவர் மறுபடி சூட்கேஸைத் தூக்கி, எங்கே வைப்பதென்று தெரியாமல் நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

வெடித்த இடத்தைப் பார்த்தேன். செப்புக்குழாய் வாய் பிளந்திருந்தது. நூல் தண்ணீரை வீண் என்று மூடிவிட்டார் போலும் என்றுதான் முதலில் நினைத்தேன். தொட்டியடிக் குழாயைத் திருகிப் பார்த்தேன். அது திறந்தேதான் இருந்தது. அதன் வாயில் ஒரு பனிக்குச்சி தொங்கியது. அப்போதுதான் மூலையைக் கவனித்தேன்.

"ஹீற்றர் எங்கை, அங்கிள்?"

"இருக்கு, தம்பி."

"எங்கை இருக்கு?"

அவர் சூட்கேஸை மாற்றிப் பிடித்தார். அவருடைய அறையில் பார்த்தேன், இல்லை. கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, தண்ணீரை அள்ள வாளியும் சவளும் வேண்டும். அவை கராஜில் இருந்தன.

மற்ற நாட்களில் கராஜின் பக்கக் கதவோடு மல்லுக்கட்ட வேண்டும். அன்றைக்குத் தொட்டதும் திறந்தது. உள்ளே செம்மஞ்சள் வெளிச்சம். கவிழ்த்துவைத்த பிளாஸ்டிக் பால் கூடை ஒன்றின் மேல் ஹீற்றர் எரிந்துகொண்டிருந்தது. அதன் முகம் தட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தட்டில் அந்தக் கபில நிறப் பெட்டி. பெட்டியைச் சுற்றி அன்ரியின் மண்ணிறச் சால்வை, கழுத்துக்குச் சுற்றுவது போல முன்னால் மடித்துச் செருகியபடி. பக்கத்தில் எங்கள் பேஸ்மென்டுக் கதிரை. கதிரையின் மேல் அந்தக் கிழமைத் தமிழ்ப் பத்திரிகை, மரண அறிவித்தல் பக்கம் மேலே தெரிய மடித்து வைத்திருந்தது.

சால்வை ஹீற்றருக்கு மிகக் கிட்ட இருந்தது. கராஜே எரிந்திருக்கலாம். அதை நான் அப்போதே கவனித்தேன். ஆனாலும் உடனே நகர்த்தவில்லை.

பின்னால் மனைவி வந்து நின்றாள். தண்ணீர் இல்லாத வீட்டில் என்ன செய்வதென்று என்னிடம் சண்டைபிடிக்க வந்தவள். கோட்டின் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றே உள்ளே பார்த்தாள். திரும்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பனியில் கவனமாகக் கால் வைத்து வீட்டுக்குப் போனாள். நான் சால்வையைத் தள்ளி வைத்து, ஹீற்றரை அணைத்துவிட்டு வாளியோடு போனபோது, அவள் பேஸ்மென்டுப் படியின் மேல் நின்று கீழே பேசிக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், அன்ரியை உள்ளுக்குக் கொண்டு வாங்கோ."

"வேண்டாம், பிள்ளை."

"நான் சொல்லுறனெல்லோ. எனக்கு ஒண்டும் நடக்காது. உதெல்லாம் அந்தக் காலத்துக் கதை."

"உனக்கு நடக்காது. உள்ளுக்கை கிடக்கிற ஆளிட்டைக் கேட்டனியோ?"

"அது என்ன சொல்லப்போகுது?"

"வந்தாப்போலை சொல்லும். அப்ப நான் ஆருக்கு மறுமொழி சொல்லுறது?" அவர் சிரிக்கப் பார்த்தார். பிறகு என்னைக் கண்டார். என் கையில் வாளியைக் கண்டதும் விஷயம் விளங்கிவிட்டது. சூட்கேஸைப் படியில் வைத்துவிட்டு நேராக நின்றார், மேலதிகாரிக்கு முன்னால் நிற்பவரைப் போல.

"ராவிலை மட்டுந்தான் கொண்டுபோறனான், தம்பி. விடியக் கொண்டந்து உந்த மூலையிலை வைச்சிடுவன். ராவிலைதானே குளிர் கூட." கொஞ்சம் பொறுத்து, "குழாய்க்கும் ராவிலைதான் குளிரும் எண்டு நான் நினைக்கேல்லை," என்றார்.

கோபப்பட வேண்டிய இடம் அது. எனக்குக் கோபம் வரவில்லை. "பரவாயில்லை, அங்கிள். காலை மேலை தூக்கி வையுங்கோ, விறைக்கப்போகுது," என்று மட்டும் சொன்னேன்.

பகல் முழுவதும் ரெலிபோனில் ஆள் தேடினோம். குழாய் வேலை செய்கிற எல்லோரும் வேறு வீடுகளில் நின்றார்கள். கடைசியில் டோர்செட் பார்க்கில் எங்கள் பழைய கட்டடத்தில் இருந்த ஒரு அண்ணை சனிக்கிழமை வருவதாக ஒத்துக்கொண்டார். "உங்கடை மட்டுமில்லை," என்றார். "அரைவாசி ஸ்காபரோ நனைஞ்சுபோய்த்தான் கிடக்கு. அதுவரைக்கும் பனியை அள்ளி அடுப்பிலை வையுங்கோ. கழுவுறதுக்கு அது காணும்." மனைவி பொங்கல் பானையில் பனியை நிறைத்து அடுப்பில் வைத்தாள். பானை நிறைந்த பனி உருகி அடியில் நாலு விரல் தண்ணீராக நின்றது.

மத்தியானத்துக்குப் பிறகு மகன் ஒஷாவாவில் இருந்து வந்தான். இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் வந்த முகம். பேஸ்மென்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். நனைந்த மெத்தையை அமத்திப் பார்த்தான். கராஜ் விஷயத்தை என் மனைவி ஏற்கனவே ரெலிபோனில் சொல்லியிருந்தாள்.

"வெளிக்கிடுங்கோ, அப்பா. இஞ்சை இனி இருக்கேலாது. வீட்டை போவம்."

"ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொண்டு. அவளை அனுப்பாமல் நான் ஒரு இடமும் வரேல்லை."

"எங்கை அனுப்புறது? ஏரி கல்லாக் கிடக்கு. ஐயரோடை கதைச்சனான். கிரியையைச் செய்துபோட்டு, ஏப்ரலிலை ஐஸ் உருகினாப்போலை கரைக்கலாம், பிழையில்லை எண்டு சொல்லுறார்."

"ஐயர் சொல்லுவார். அவற்றை கோயிலுக்கை ஹீற்றர் கிடக்கு."

"விசர்க்கதை கதையாதேங்கோ, அப்பா."

"ஏப்ரல் மட்டும் கொம்மா உந்தக் கராஜுக்கை கிடக்கட்டும் எண்டுறாய்."

"அம்மாக்கு இனிக் குளிராது!" மகன் கத்திவிட்டான். எங்கள் குசினி சின்னது. அந்தச் சத்தம் பாத்திரங்களில் பட்டது.

அங்கிள் அவனை நிமிர்ந்து பார்த்தார். "உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. மகனுக்குத் தெரிந்திருந்தால் சொல்லட்டும் என்பது போலக் கேட்டார்.

மகன் வெளியே போனான். கோட்டுப் போடாமல் போனான். குசினி யன்னலால் பார்த்தேன். கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அங்கிள் மேசையில் இருந்த உப்புப் போத்தலை ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்து மகன் வந்தபோது காது சிவந்து, கண் வீங்கியிருந்தது.

"பிக்கரிங்கிலை ஒரு இடம் இருக்கு," என்றான். எங்கள் யாரையும் பார்க்காமல், அடுப்பில் இருந்த பனிப்பானையைப் பார்த்துச் சொன்னான். "கறண்ட் செய்யிற இடம். மெசினைக் குளிராக்கின தண்ணியை ஏரிக்கை விடுறவை. சுடுதண்ணி. அதிலை ஒருநாளும் ஐஸ் பிடிக்காது. ஓடிக்கொண்டே இருக்கும்."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"வேலையாக்களோடை போறனான். மீன் பிடிக்க."

அங்கிள் உப்புப் போத்தலை விட்டார். அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மீன் மச்சம் சேர்ப்பதில்லை. "நீ மீன் பிடிக்கிறனியோ?"

"ஓம்."

"கொம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"சரி," என்றார் அங்கிள். "ஞாயிற்றுக்கிழமை தெரியவரும்."

முதலில் சிரித்தவள் என் மனைவி. பிறகு மகன். சிரிப்பு முடிகிற இடத்தில் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கும் அடுத்த இரவுகளிலும் அவர் எங்கள் முன்னறைச் சோபாவில் படுத்தார். ஹீற்றர் கராஜில் எரிந்தது. தூரத்தை அளந்து நான்தான் வைத்தேன்.

ஞாயிறு காலை ஒஷாவாவில் மகனின் அப்பார்ட்மென்டில் ஐயர் கிரியைகளைச் செய்தார். புகை மணி அடிக்காமல் இருக்க மருமகள் அதன் மேல் குளிக்கும் தொப்பி ஒன்றை மாட்டிவிட்டிருந்தாள். அவள் அன்றைக்கு ஒரு வார்த்தையும் அதிகமாகப் பேசவில்லை. மாமியின் படத்துக்கு முன் படைத்த கறிகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. கிரியை முடிந்ததும் நாங்கள் இரண்டு காரில் பிக்கரிங்குக்கு வந்தோம். பெட்டி அங்கிளின் மடியில், சால்வையோடு. காலையில் அவரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது என் மனைவி யன்னலடியில் நின்று பார்த்தாள். பிள்ளைத்தாச்சி பார்க்கக் கூடாது என்று அவளுடைய அம்மா கொழும்பில் இருந்து ரெலிபோனில் சொல்லியிருந்தார்.

அந்த இடம் மகன் சொன்னபடியே இருந்தது. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை. நடுவில் கறுப்பாக ஒரு பட்டை, ஏரிக்குள் போய்க்கொண்டே இருந்தது. மேலே ஆவி எழும்பியது. அந்தப் பக்கத்தில் இருந்த வாத்துகளெல்லாம் அங்கே வந்து கூடியிருந்தன. கற்களின் மேல் தடித்த குளிர் உடுப்பில் இரண்டு வெள்ளைக்காரர்கள் தூண்டில் போட்டிருந்தார்கள். எங்களையும் பெட்டியையும் மகனின் நெற்றியில் இருந்த விபூதியையும் பார்த்தார்கள். தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, வாளியையும் எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றார்கள். அவர்களில் ஒருவன் மகனுக்குத் தலையசைத்தான். தெரிந்தவன் போலிருந்தது.

அங்கிள் கற்களில் கால் வைத்து இறங்கினார். மகன் பின்னால் நின்று அவருடைய கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பெட்டியைத் திறப்பதற்கு முதல் அவர் ஒரு கையுறையைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்தார். தண்ணீருக்குள் கையை விட்டார். எடுக்கவில்லை. நாங்கள் காத்துநின்றோம்.

"இளஞ்சூடாக் கிடக்கு," என்றார்.

பக்கத்தில் இறங்கி நின்ற நானும் கையை வைத்துப் பார்த்தேன். அது இளஞ்சூடு இல்லை. கிணற்றுத் தண்ணீர் அளவுக்குக் குளிர்தான். வெளியே இருந்த காற்றில் விறைத்த கைக்கு அது சூடாகத் தெரிந்தது. மகனும் குனிந்து தொட்டான். "ஓம், அப்பா," என்றான். நானும் ஓம் என்றேன்.

பெட்டியைச் சரித்தார்கள். சாம்பல் தண்ணீரில் பட்டதும் ஒரு நிமிடம் வெளிறிய நிறத்தில் பரவி நின்றது. பிறகு நீட்டுப்பாடாக இழுபட்டு, ஆவிக்குக் கீழே ஏரியை நோக்கிப் போனது. ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு வாத்து கிட்ட வந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. அங்கிள் சால்வையையும் விடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதை உதறி, மடித்து, கோட்டுக்குள் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது மகனின் காரில் சூட்டை உச்சத்தில் வைத்திருந்தார்கள். "கொஞ்சம் குறை, தம்பி," என்று அங்கிள் சொன்னாராம். மகன் பிறகு எனக்குச் சொன்னான்.

அன்று பின்னேரமே அவர் எங்கள் வீட்டை விட்டுப் போனார். பேஸ்மென்டில் கம்பளம் கிழித்தெறிந்து வெறும் சீமெந்து. அங்கே யாரும் இருக்க முடியாது. அவருடைய சாமான்கள் நாலு கறுப்புப் பைகளிலும் அந்தச் சூட்கேஸிலும் அடங்கிவிட்டன. மகனும் நானும் அவற்றைக் காரில் ஏற்றும்போது, கீழே ஒன்றை மறந்துவிட்டதாகச் சொல்லி அவர் மட்டும் திரும்பப் போய் வந்தார். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. படியில் நின்ற என் மனைவியின் தலையைத் தொட்டு, "பிள்ளை பிறந்தவுடனை அறிவியுங்கோ," என்றார்.

சித்திரையில் மகள் பிறந்தாள். அறிவித்தோம். யாராவது கூட்டிவந்தால் வருவேன் என்று சொன்னார். ஒஷாவாவில் அவரைக் கூட்டிவர ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. எங்களுக்கும் அந்த வருடம் அப்படித்தான் போனது. அடுத்த மாரிக் குளிரில் அவரும் போய்விட்டார். அந்த மரண அறிவித்தலைப் பத்திரிகையில் நான் சத்தமாக வாசித்தேன், மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் எங்கள் வீட்டை விட்டுப் போன அந்தப் பின்னேரம், கார் தெருமுனையில் திரும்பியதும் நான் பேஸ்மென்டுக்கு இறங்கினேன். வெறும் சீமெந்துத் தரையில் என் காலடி பெரிதாகக் கேட்டது. உடுப்புத் தோய்க்கும் அறையில் லைட் எரிந்தது. ஹீற்றரைக் கராஜில் இருந்து எப்போது கொண்டுவந்தார் என்று தெரியவில்லை. தூசி துடைத்து, நான் முதலில் வைத்த அதே மூலையில், புதிதாகப் பொருத்திய குழாயைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். அது எரிந்துகொண்டிருந்தது. தொட்டியடிக் குழாயில் தண்ணீர் நூல் போல ஓடிக்கொண்டிருந்தது.